கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்களா?

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், கடைசியாக எப்போது கண்ணைக் காட்டினார் என்று கேட்டுப் பாருங்கள். "போன வருஷம்தான் காட்டினேன், பவர் மாறவில்லையாம்" என்பார். அடுத்த கேள்வியையும் கேளுங்கள். சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்களா? இல்லையென்றால் நடந்தது பெரும்பாலும் கண்ணாடிக்கான சோதனைதான்.

எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை தடுமாறாமல் படிப்பவருக்கும் விழித்திரையில் கசிவு இருக்கலாம். கண்ணின் பின்பக்கம் உள்ள மெல்லிய படலம்தான் விழித்திரை. வருஷக்கணக்கில் சர்க்கரை கூடியே இருந்தால் அதன் நுண்ணிய ரத்தக் குழாய்கள், பழைய ரப்பர் குழாய்போல அங்கங்கே உப்பும், கசியும், அடைத்தும் போகும். கசிவு ஓரமாக இருக்கும்வரை பார்வை குறையாது, வலியும் இராது. எழுத்துப் படிக்கவும் முகம் தெரியவும் உதவும் நடுப்பகுதியில் நீர் கோத்த பிறகுதான் மங்கல் தெரியும். ரத்தம் போகாத இடங்களில் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை திடீரென உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் பரவி, ஒரே நாளில் பார்வை மறைந்துவிடும். சென்னைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வில், 100 பேரில் ஏறத்தாழ 18 பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது.

சொட்டு மருந்துக்குப் பயந்தே பலர் போவதில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மருந்து விட்டதும் லேசாக எரியும், உடனே அடங்கிவிடும். 20, 30 நிமிடத்தில் கண்மணி விரியும். அப்போதுதான் உள்ளே ஓரம் வரை மருத்துவர் பார்க்க முடியும். பிறகு நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். ஆகவே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். துணைக்கு ஒருவரையும் ஒரு கறுப்புக் கண்ணாடியையும் கொண்டுபோங்கள். வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. சாப்பாடு, மாத்திரை, இன்சுலின் எல்லாம் வழக்கம்போல. கண் அழுத்த நோய் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீடு திரும்பிய பின் கடுமையான கண்வலி, வாந்தி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது மிக அரிது. சில இடங்களில் சொட்டு மருந்து இல்லாமலே கேமராவில் படம் எடுக்கிறார்கள். அதுவும் நல்லதே. ஆனால் புரை இருந்து படம் தெளியாவிட்டால் மறுபடி சொட்டு மருந்துக்குத்தான் வர வேண்டும்.

இன்னொன்று. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் உப்பிச் சுருங்கும், பவரும் கூடவே மாறும். அந்த நேரத்தில் கண்ணாடி போட்டால் சில வாரத்தில் அது பொருந்தாமல் போகும். சர்க்கரை சில வாரம் நிலையாக இருந்த பிறகு கண்ணாடி வாங்குங்கள்.

எப்போது பார்க்க வேண்டும்? பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால், நோய் தெரிந்த உடனேயே. ஏனென்றால் தெரியாமலே அது பல வருஷம் உடம்பில் இருந்திருக்கும். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. பெரும்பாலும் சிறு வயதில் வரும் முதல் வகை என்றால் நோய் தெரிந்த 5 ஆண்டுக்குள் தொடங்கலாம். பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை. திரும்பச் சொல்கிறேன், நன்றாக இருந்தாலும். ரத்த அழுத்தத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்துங்கள், அதுவும் இந்தக் குழாய்களைத்தான் தாக்கும். நெடுங்காலம் சர்க்கரை மிக அதிகமாக இருந்து, இப்போது இன்சுலினால் வேகமாகக் குறைக்கப் போகிறீர்களா? முதலில் கண்ணைக் காட்டுங்கள். அந்த வேகத்தில் விழித்திரைப் பாதிப்பு கொஞ்ச காலம் கூடக்கூடும்.

நேரம் நெருங்கிவிட்டது, சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விழித்திரையில் ஒளி பாய்ச்சும் லேசர் சிகிச்சை பார்வையைப் பறிக்கும் என்ற பயம் வேண்டாம். போன பார்வையை அது பெரும்பாலும் மீட்காது, மிஞ்சியதைக் காக்கும். நடுப்பகுதியில் நீர் கோத்தால் கண்ணுக்குள் ஊசி. தொடக்கத்தில் மாதம் ஒன்று. பாதியில் நிறுத்தினால் நீர் மறுபடி கோக்கும். கண்முன் கறுப்புப் புள்ளிகள் திடீரென மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல மறைத்தாலோ அன்றைக்கே போங்கள். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண்கள், கருத்தரிக்கும் முன்போ முதல் மூன்று மாதத்துக்குள்ளோ கண்ணைக் காட்டிவிட வேண்டும்.

நன்றி, வணக்கம்.