நகமும் கோடாலியும்

மேடையில் வீற்றிருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, சுகாதார வைத்திய அதிகாரி ஐயா அவர்களே, ஆலய வண்ணக்கர்மாரே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, பந்தலும் கதிரையும் தந்துதவிய தம்பிமாரே, ஓடம் ஏறி வந்திருக்கிற தாய்மாரே, எல்லோருக்கும் வணக்கம். மூன்று விஷயம் பேச வந்தேன்: மார்புப் புற்றுநோயில் ஒளிந்திருக்கும் பரவல், பயம், பஸ்.

நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலி வரை விடாதே என்பார்கள். எந்த மேடையிலும் நான் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை.

மண்டூர்ப் பக்கத்து மாமி ஒருவருக்குக் குளிக்கும்போது மார்பில் பயறளவு கட்டி தட்டுப்பட்டது. வேளாண்மை வெட்டு முடியட்டும் என்றார். வெட்டு முடிந்து நெல்லும் வீட்டுக்கு வந்தது, பிறகு மகனின் கல்யாணம், அப்புறம் கோயில் தீர்த்தம். கடைசியில் மகள்தான் கையைப் பிடித்து இழுத்து, ஓடத்தில் குருமண்வெளிக்கு வந்து, பஸ் மாறி மட்டக்களப்புக்குக் கொண்டுபோனாள். நல்ல காலம், கட்டி சிறிதாகவே இருந்தது. ஒப்பரேஷன் முடிந்தது. மார்புப் புற்று வழக்கமாக முதலில் பரவுகிற கமக்கட்டு நிணநீர்க் கணுவில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது, வீட்டில் புக்கை பொங்கினார்கள். அந்த நேரம் பார்த்துச் சொந்தக்காரர் ஒருவர் வந்து, "கண்ணுக்குத் தெரியாமல் ஒளிஞ்சிருக்குமாம் மாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாமிக்குச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. சாமத்தில் எழும்பிக் கமக்கட்டைத் தடவிக்கொண்டிருப்பார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒளிந்திருப்பது உண்மைதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பி-32 என்ற ஆய்வில், கணு சுத்தம் என்று சொல்லப்பட்ட 3,887 பெண்களின் கணுக்களை இன்னும் ஆழமாக வெட்டிச் சாயமிட்டுப் பார்த்தார்கள். 15.9 வீதமானோரிடம் சின்னப் புற்றுப் படிவுகள் இருந்தன. ஆனால் ஐந்து வருடத்தில் உயிரோடிருந்தவர்கள், படிவு இருந்தவர்களில் 94.6 வீதம், இல்லாதவர்களில் 95.8 வீதம். வித்தியாசம் 1.2 மட்டும்தான். முடிவு 2011இல் வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலானோர் ஒப்பரேஷனுக்குப் பிறகு மருந்தும் எடுத்தவர்கள், ஆகவே டாக்டர் தருகிற மருந்தை யாரும் இடையில் நிறுத்தாதீர்கள்.

அந்தப் பெண்கள் எல்லோரும் கட்டி கமக்கட்டுக்குப் பரவியது தெரிய முன்பே போனவர்கள் என்பதைக் கவனியுங்கள். நகத்தால் கிள்ளும் நேரத்தில் போனார்கள். மாமியும் அப்படித்தான், இழுத்துப்போக ஒரு மகள் இருந்ததால்.

சரி, பயத்தைப் பற்றிச் சொன்னது போதும், பஸ்ஸுக்கு வருகிறேன். 35 வயதானால் எம்.ஓ.எச்., அதாவது சுகாதார வைத்திய அதிகாரியின் கிளினிக்கில் மார்பை இலவசமாகப் பரிசோதிப்பார்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நாள்கூலிக்குப் போகிற பெண் ஓடமும் பஸ்ஸும் மாறிப் போய்வந்தால் அன்றைய கூலி போச்சு, அதனால்தான் கட்டி காத்திருக்கிறது. கிளினிக் நாளில் காலையில் போய் மத்தியானம் திரும்ப ஒரு பஸ் வேண்டும். அதிகாரிகள் எல்லோரும் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள், உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். கோரிக்கைக் கடிதம் அந்த மேசையில் இருக்கிறது. தாய்மாரே, கையெழுத்து வைத்துவிட்டு ஓடத்துக்குப் போங்கள்.