அனுப்பிய விலைப்புள்ளியைத் திரும்பப் பெறுதல்

நேயர்களுக்கு வணக்கம். கோவையில் மோட்டார், பம்பு செய்யும் சிறு தொழிற்கூடங்களுக்கு நெடுங்காலம் விலைப்புள்ளி, அதாவது கொட்டேஷன், தயாரித்துக் கொடுத்தவன் நான். செப்புக் கம்பியின் விலை ஏறியதாலோ, கணக்கில் ஓர் இனம் விட்டுப்போனதாலோ, நேற்றுக் கொடுத்த விலையை இன்று மாற்ற வேண்டிய நிலை இத்தொழிலில் எல்லாருக்கும் வருகிறது. அப்போது என்ன செய்வது என்பதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 5ஆவது பிரிவில், முன்மொழிவைத் திரும்பப் பெற இடம் தருகிறது. ஆனால் வாடிக்கையாளர் தம் சம்மதத்தை அனுப்பி, அது அவர் கையை விட்டுப் போய்விட்டால் அந்த உரிமை தீர்ந்துவிடும். நாம் அனுப்பும் திரும்பப் பெறும் கடிதமோ, அவருக்குத் தெரியவந்த பிறகுதான் அவரைப் பொறுத்தவரை செல்லுபடியாகும். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

1880இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கார்டிஃப் நகரத்து வணிகர்கள், 1,000 பெட்டி தகரத் தகடு தருவதாக அக்டோபர் 1ஆம் தேதி நியூயார்க்குக்கு எழுதினார்கள். 8ஆம் தேதி அதைத் திரும்பப் பெறுவதாக மறுபடியும் எழுதினார்கள். முதல் கடிதம் 11ஆம் தேதி போய்ச் சேர, நியூயார்க் வணிகர்கள் அன்றே தந்தியில் சம்மதம் தெரிவித்தார்கள். இரண்டாம் கடிதம் கிடைத்ததோ 20ஆம் தேதி. ஒப்பந்தம் உண்டாகிவிட்டது என்றே நீதிமன்றம் முடிவு செய்தது.

என் கைப்பிழையால் நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். விலையைக் கூட்டிப் புதிய விலைப்புள்ளி ஒன்றை அனுப்பினேன். பழையது செல்லாது என்று அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. வாடிக்கையாளர் அதை வேறு தரத்துக்கான இன்னொரு விலை என்று எடுத்துக்கொண்டு, பழைய எண்ணைக் குறித்தே கொள்முதல் ஆணை அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை; பழைய விலைக்கே சரக்கைக் கொடுத்தோம்.

அதன் பிறகு, முந்தைய விலைப்புள்ளியின் எண்ணையும் தேதியையும் எழுதி, அது திரும்பப் பெறப்படுகிறது, இதுவே அதற்கு மாற்று என்று முதல் பத்தியிலேயே குறிப்பிடத் தொடங்கினேன். பழையது யார் யாருக்குப் போனதோ அத்தனை பேருக்கும் புதியதையும் அனுப்பி, கிடைத்தது என்று ஒரு வரி பதில் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்தேன்.

அரசு ஒப்பந்தப்புள்ளிகளில், அதாவது டெண்டர்களில், இந்தச் சுதந்திரம் குறைவு. செல்லுபடிக் காலத்துக்குள் விலகினால், ஒப்பந்தப்புள்ளியோடு கட்டிய முன்வைப்புத் தொகை பறிமுதலாகும் என்ற நிபந்தனை இருந்தால், ஏற்பு வரும் முன்பே விலகியிருந்தாலும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அங்கே கணக்கை அனுப்பும் முன்பே இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

தனியார் வாடிக்கையாளரிடம், கடிதத்துக்கு முன்னால் தொலைபேசியில் பேசிவிடுங்கள். நம் விலையை நம்பி அவர் தம்முடைய வாடிக்கையாளருக்கு ஏற்கெனவே ஒரு விலை சொல்லியிருக்கக்கூடும். அதை மாற்றிக்கொள்ள அவருக்கும் அவகாசம் வேண்டுமல்லவா? நன்றி, வணக்கம்.