கரண்ட் கொண்டுவந்தவர்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஜூலை 8 அதிகாலை, பெரில் சூறாவளி டெக்சஸில் மாடகோர்டா அருகே கரையேறியது. வகைப்படி அது வலுக் குறைந்த முதல் வகைச் சூறாவளிதான். ஆனாலும் ஹூஸ்டன் பகுதியில் 22 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் கரண்ட் நின்றுபோனது. சிலருக்கு மறுநாளே திரும்பியது. சிலருக்கு ஒரு வாரம் கடந்தும் வரவில்லை. ஜூலை மாத ஹூஸ்டன் வெயிலைப் பற்றி இந்த ஊர் நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்று அசையாத வீட்டுக்குள் சூடு தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு. அதே ஆண்டு மே 16 அன்று அடித்த சூறைக்காற்று உயர் அழுத்த மின்கோபுரங்களையே மடக்கிப் போட்டிருந்தது. இரண்டு மாதம் ஆவதற்குள் மறுபடியும் இருட்டு என்றால் மக்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

வந்தது. அது நியாயமான கோபம். மரக்கிளைகளை மின்நிறுவனம் முன்கூட்டியே வெட்டியதா, கம்பங்கள் ஏன் இத்தனை பழையதாக இருந்தன, எப்போது கரண்ட் வரும் என்று சொல்ல ஒரு சரியான வரைபடம்கூட ஏன் இல்லை என்று கேட்கத்தான் வேண்டும். கேட்டார்கள். மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் விசாரித்தது, சட்டமன்றக் குழுக்கள் அதிகாரிகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டன. அந்தக் கேள்விகளுக்கான இடம் அதுதான்.

ஆனால் சிலர் வேறு இடத்தில் கோபத்தைக் காட்டினார்கள். தெருவில் வேலை பார்த்த லைன்மேன்களை மிரட்டியதாகவும், கல்லெறிந்ததாகவும், துப்பாக்கி காட்டியதாகவும் அந்த வாரம் செய்திகள் வந்தன. இன்னொரு மாநிலத்திலிருந்து வண்டி ஓட்டி வந்து, நம் தெருக் கம்பத்தில் ஏறி நின்ற மனிதரைப் பார்த்துத் துப்பாக்கி காட்டியிருக்கிறார்கள். எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை. இன்று இங்கே பேச வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த லைன்மேன்கள் எப்படி வருகிறார்கள் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவில் மின்நிறுவனங்களுக்குள் பரஸ்பர உதவி என்று ஓர் ஏற்பாடு பல காலமாக இருக்கிறது. உன் ஊரில் புயல் என்றால் நான் ஆள் அனுப்புகிறேன், என் ஊரில் வந்தால் நீ அனுப்பு. ஊர் கூடித் தேர் இழுப்பது போலத்தான். புயல் கரையேறுவதற்கு முன்பே வண்டிகள் கிளம்பிவிடும். 2012 அக்டோபரில் சாண்டி சூறாவளி கிழக்குக் கடற்கரையை அடித்தபோது, கலிபோர்னியாவிலிருந்து பக்கெட் வண்டிகளை, அதாவது ஆளைத் தொட்டியில் நிற்கவைத்துக் கம்ப உயரத்துக்குத் தூக்கும் வண்டிகளை, விமானப்படையின் சரக்கு விமானங்களில் ஏற்றி நியூயார்க்கில் இறக்கினார்கள். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் சூறாவளி புளோரிடாவின் சனிபெல் தீவுக்குப் போகும் பாலச்சாலையைப் பல இடங்களில் அறுத்துவிட்டது. இரண்டு வாரத்துக்குள் ஒரு தற்காலிகச் சாலை போட்டு, அதில் 300க்கும் மேற்பட்ட மின்பணி வண்டிகள் வரிசையாகத் தீவுக்குள் போயின. பொதுமக்கள் வண்டிகளுக்கு வழி திறக்கும் முன்பே அவர்கள் போய்விட்டார்கள். 2024இல் புளோரிடாவில் ஹெலீன் சூறாவளி முடிந்து இரண்டே வாரத்தில் மில்டன் சூறாவளி வந்தது. ஹெலீனுக்காக வந்த குழுக்களில் பலர் வீடு திரும்பாமல் அடுத்த புயலுக்கும் அங்கேயே நின்றார்கள்.

வந்த இடத்தில் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்கிறீர்கள்? ஒரு கண்காட்சி மைதானத்திலோ விளையாட்டரங்கின் வண்டி நிறுத்தத்திலோ முகாம். அடுக்குப் படுக்கை வைத்த டிரெய்லரில் தூக்கம். பொதுவாக 16 மணி நேர வேலை, 8 மணி நேர ஓய்வு. உடம்பு ஓய்ந்தால் கவனம் தப்பும், கவனம் தப்பினால் உயிர் போகும் தொழில் இது. அதனால்தான் அந்த ஓய்வில் யாரையும் கைவைக்க விடுவதில்லை.

"வண்டி நிற்கிறது, ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்" என்பதுதான் அந்த நாட்களில் அதிகம் கேட்ட புகார். பக்கத்து வீட்டுக்காரர் என்னிடமே சொன்னார். அவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. எந்தக் கம்பியில் மின்சாரம் இருக்கிறது, எதில் இல்லை என்பதைக் கட்டுப்பாட்டு அறை உறுதி செய்து அனுமதி தர வேண்டும். அது வரும்வரை கை வைக்க முடியாது. சில இடங்களில் மரம் வெட்டும் குழு முதலில் வர வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு நம் ஊர் மின்பாதை தெரியாது, வழிகாட்ட உள்ளூர் ஆள் ஒருவர் வர வேண்டும். காற்று பலமாக வீசினால் பக்கெட்டை உயர்த்தவே கூடாது.

அப்புறம், எந்தத் தெருவுக்கு முதலில் என்பதும் யாருக்கு யார் வேண்டியவர் என்பதைப் பொறுத்ததல்ல. முதலில் உயர் அழுத்தப் பாதையும் துணைமின் நிலையமும். அங்கே மின்சாரம் வராமல் நம் தெருவில் எத்தனை கம்பம் நட்டும் பயனில்லை. 2021இல் ஐடா சூறாவளி அடித்தபோது, நியூ ஆர்லியன்ஸுக்கு மின்சாரம் கொண்டுவரும் 8 உயர் அழுத்தப் பாதைகளும் செயலிழந்தன. ஒரு கோபுரம் மிசிசிப்பி ஆற்றங்கரையில் சாய்ந்து கம்பிகள் ஆற்றுக்குள் போயின. தெருக்கம்பி நன்றாக இருந்த வீடும் அன்று இருட்டில்தான் இருந்தது. பெரும்பாதைகளுக்கு அடுத்து மருத்துவமனை, குடிநீர் நிலையம், கழிவுநீர் ஏற்றும் நிலையம். பிறகு அதிக வீடுகளுக்குப் போகும் முக்கியப் பாதை, அதன் கிளைகள், கடைசியாகத் தனி வீடுகள். எதிர்வீட்டில் விளக்கு எரிய நம் வீட்டில் எரியாததற்குப் பெரும்பாலும் காரணம், அவர்கள் வேறு கிளையில் இருப்பதுதான்.

ஹூஸ்டனின் பழைய குடியிருப்புகளில் மின்கம்பி தெருவோரமாகப் போவதில்லை, கொல்லைப்புற வேலியோரமாகப் போகிறது. பக்கெட் வண்டி அங்கே நுழையாது. ஆளே காலில் கொக்கி மாட்டிக் கம்பத்தில் ஏற வேண்டும். எங்கள் வீட்டுப் பின்வேலியில் அப்படி ஒருவர் வேலை பார்த்ததைக் கிட்ட நின்று பார்த்தேன். ஏறுவதற்கு முன் ரப்பர் கையுறையின் வாயைச் சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, விரல்களைப் பிதுக்கி, முகத்தருகே பிடித்துக் காற்று எங்கேயாவது கசிகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். ஊசிமுனை அளவு ஓட்டை போதும், ஆளை முடித்துவிடும். ஒன்றைப் பார்த்து, அடுத்ததையும் பார்த்து, மேலே தோல் உறை மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் ஏறினார். வெயில் தலைக்கு மேலே நின்றது. முழுக்கைச் சட்டை, தலைக்கவசம், இரண்டு அடுக்குக் கையுறை. அவசரப்படவே இல்லை. எங்கள் தெரு முழுக்கத் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் அவசரப்படவில்லை. எல்லாம் முடிந்து கீழே வந்து, நீளக் கம்பால் ஃபியூஸை மேலே தள்ளிப் பூட்டினார். டப் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி தெரு முழுக்கக் கைதட்டல். கைதட்டாமல் வேறென்ன செய்வோம்!

இந்த நாட்டில் ஏப்ரல் 18 லைன்மேன்களுக்கு நன்றி சொல்லும் நாள். 2013இல் அமெரிக்க செனட் அதற்காகத் தீர்மானம் போட்டது. புயலுக்குப் பிறகு வீட்டு முன் நன்றிப் பலகை நடுவார்கள், பிள்ளைகள் படம் வரைந்து முகாமுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எல்லாமே நல்லது. குளிர்ந்த தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள், அவர் கீழே இறங்கிய பிறகு கொடுங்கள். மேலே இருக்கும்போது கீழே நின்று பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

ஆனால் அவர் வீடு பத்திரமாகப் போய்ச் சேர நாம் செய்யக்கூடிய பெரிய காரியம் ஜெனரேட்டரில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஜெனரேட்டர் வயரைத் துணி உலர்த்தும் டிரையரின் பிளக்கில் செருகி, வீடு முழுக்கக் கரண்ட் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால், அந்தக் கரண்ட் வீட்டை விட்டு வெளியேறி, கம்பத்து டிரான்ஸ்ஃபார்மருக்குள் எதிர்த்திசையில் போகும். சாதாரணமாக 7,200 வோல்ட்டை 240 ஆகக் குறைக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மர், இப்போது 240ஐ 7,200 ஆக உயர்த்தும். செத்துக் கிடக்கிறது என்று நம்பி ஒருவர் தொடும் கம்பியில் உங்கள் வீட்டிலிருந்து சாவு வந்து நிற்கும். லைன்மேன்கள் வேலை செய்யும் இடத்தின் இரு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைத்துக்கொள்வது இதற்காகவும்தான். ஆனாலும் அந்த ஆபத்தை நாம் ஏன் அனுப்ப வேண்டும்? உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்து, கம்பத்துக் கரண்ட் அல்லது ஜெனரேட்டர் என ஒரு நேரத்தில் ஒன்றோடு மட்டுமே வீட்டை இணைக்கும் மாற்று சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஃபிரிட்ஜையும் விசிறியையும் வயர் இழுத்து நேராக ஜெனரேட்டரிலேயே மாட்டுங்கள். ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி இருக்கட்டும். அதன் புகை வீட்டுக்குள் இருப்பவர்களின் உயிரையே எடுக்கும்.

மற்றதெல்லாம் சின்ன வேலைகள். பின்கேட்டைப் பூட்டாமல் வையுங்கள், நாயை உள்ளே கட்டுங்கள். சுவரில் மீட்டர் பெட்டியோ அதற்கு மேலே போகும் குழாயோ பிய்ந்திருந்தால் அது பெரும்பாலும் வீட்டுக்காரர் பொறுப்பு. அதைச் சரிசெய்யும்வரை அவர்களால் இணைப்புக் கொடுக்க முடியாது, அவர்களைத் திட்டிப் பயனில்லை.

கடைசியாக ஒன்று. வண்டியின் கதவில் அது எந்த ஊர் நிறுவனம் என்று எழுதியிருக்கும், அலபாமாவாக இருக்கலாம், ஒஹாயோவாக இருக்கலாம். பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கரண்ட் வந்த பிறகு அந்த நிறுவனத்துக்கு நாலு வரி எழுதுங்கள்: எந்தத் தேதியில், எந்தத் தெருவில் உங்கள் ஆட்கள் வேலை செய்தார்கள், எத்தனை வீட்டுக்கு வெளிச்சம் வந்தது என்று. அவர்களை அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் அந்த ஊரில்தான் இருக்கின்றன. கடிதம் அவர்கள் கைக்கும் போகட்டும் என்று அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வணக்கம்.