இன்றைக்கு என்ன சமையல்? – ‘திட்டமே’ என்னும் அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும், சபையில் அமர்ந்திருக்கும் பெரியோருக்கும், எம்மை எதிர்த்துப் பேச வந்திருக்கும் அணியினருக்கும் என் வணக்கம். வீட்டுச் சமையலில் நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்துவது முன்கூட்டிப் போடும் வாரத் திட்டமா, அன்றன்றைய சந்தையும் கைப்பக்குவமுமா என்பது தலைப்பு. திட்டமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, காலையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய், அன்று மலிவாய்க் கிடக்கும் மரக்கறியை வாங்கி, அதற்கேற்பச் சமைப்பவளே சிக்கனக்காரி என்றார். அட்டவணை போட்டுச் சமைத்தால் வீட்டுச் சாப்பாடு ஆஸ்பத்திரிச் சாப்பாடாகிவிடும் என்றும் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவருடைய சிக்கனக்காரி காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறவளாக இருக்க முடியாது என்பதைச் சிரிப்பு அடங்கியதும் யோசித்தேன்.

எங்கள் வீட்டு வியாழக்கிழமை ஒன்றைச் சொல்கிறேன். மாலை ஐந்தரைக்கு வேலையால் வந்து குசினிக்குள் நுழைகிறேன். குளிர்சாதனப் பெட்டியில் ஞாயிறன்று வாங்கிய பூசணித் துண்டு, சுருங்கிய நான்கு கத்தரிக்காய், ஒரு பாதித் தேங்காய். கடலை போத்தலில் இருக்கிறது, ஊறப்போடவில்லை. வறுத்த மா முடிந்துவிட்டது என்பது போத்தலைத் திறந்த பிறகுதான் தெரிகிறது. “அம்மா, இரவுக்கு என்ன?” என்று மகன் மூன்று தரம் கேட்டுவிட்டான். அரை மணித்தியாலம் அப்படியே நின்றேன். பிறகு கணவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போய் நான்கு கொத்து ரொட்டிப் பொதிகளோடு வந்தார். மறுநாள் காலை, வெள்ளைப் பூஞ்சணம் பிடித்த பூசணியை வாழையடியில் வெட்டித் தாட்டேன். பூசணிக்கும் காசு கொடுத்தோம், கொத்து ரொட்டிக்கும் காசு கொடுத்தோம், சாப்பிட்டது ஒன்றைத்தான். அன்று நான் சமைத்த நேரம் பூச்சியம், என்ன சமைப்பது என்று நின்ற நேரம் அரை மணித்தியாலம். நடுவர் அவர்களே, நேரத்தைத் தின்பது அடுப்பென்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல நாட்களில் அதைத் தின்பது இந்த நிற்றல்தான்.

திட்டம் என்றதும் எதிரணியினர் கற்பனை செய்வது, செவ்வாய்க்கிழமை விளைமீன் குழம்பு என்று எழுதிவைத்துவிட்டு, காற்று அடித்து வள்ளம் கடலுக்குப் போகாத நாளிலும் விளைமீனைத் தேடி அலையும் ஒருத்தியை. அப்படி எழுதுவது மடமைதான்; அதை நான் ஒப்புக்கொள்கிறேன். செவ்வாய்க்கு ‘மீன்’ என்று மட்டும் எழுத வேண்டும், எந்த மீன் என்பதைப் பாசையூர்ச் சந்தை சொல்லட்டும், மீன் வராவிட்டால் கருவாடும் கத்தரிக்காயும். புதனுக்கு ‘கீரையும் பருப்பும்’ என்று எழுதினால், முளைக்கீரையா பொன்னாங்காணியா என்பதை விலை தீர்மானிக்கட்டும். எதிரணி போற்றுகிற சந்தைப் புத்திக்கு எங்கள் திட்டத்துக்குள் தாராளமாக இடமுண்டு. முதல்நாள் இரவே கடலையை ஊறப்போட வேண்டும் என்ற நினைப்புக்குத்தான் அவர்களுடைய வழியில் இடமில்லை.

இது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்றும் சொன்னார்கள். பனம்பழக் காலத்தில் விதை பொறுக்கிப் பாத்தி போட்டு, மழை கழிந்த பின் கிழங்கு கிண்டி, பிளந்து காயவிட்டு ஒடியலாக்கி, அவித்துக் காயவிட்டுப் புழுக்கொடியலாக்கிப் பானையில் கட்டிவைத்த அம்மம்மாமார், கூழ் காய்ச்சும் நாளை எத்தனை மாதம் முன்னால் கண்டார்கள்? வெயில் காலத்தில் மோர்மிளகாயும் வேப்பம்பூ வடகமும் போட்டவர்கள் மழை நாளின் சோற்றுக்கல்லவா கறி தேடினார்கள்? நல்லூர்க் கந்தன் திருவிழாவின் 25 நாளும் மச்ச மாமிசம் தொடாத வீடுகள் எத்தனை! அந்த நாட்களில் எந்த வீட்டிலாவது என்ன சமைப்பது என்று திண்டாடியதுண்டா? எல்லை போட்டுக்கொண்டால் தெரிவு சுருங்கும், தெரிவு சுருங்கினால் கை வேகமாக ஓடும்.

பணத்தைப் பற்றி, இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அனுபவித்த சபைக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், அதாவது முந்திய ஆண்டு நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு ஏறக்குறைய 195 ரூபாய். எரிவாயுச் சிலிண்டரோடு வரிசையில் நின்ற நாட்களில், ஒரே அடுப்பேற்றத்தில் இரண்டு நாளுக்குரிய பருப்பை அவித்து வைத்தவரும், இரவே ஊறிய கடலையைக் காலையில் விரைவாக அவித்தவரும் ஒரு சிலிண்டரை எத்தனை நாள் இழுத்தார்கள் என்பதை அவரவர் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

“பழசைச் சாப்பிட்டு நோய் தேடுவதா?” என்பது அவர்களுடைய அடுத்த அம்பு. இதில் நியாயம் இருக்கிறது. சமைத்த சோற்றை வெளியே கிடக்கவிட்டால், வேகும் சூட்டிலும் சாகாத வித்திகளிலிருந்து கிருமி பெருகும்; தேங்காய்ப்பால் விட்ட கறி எங்கள் வெயிலில் சீக்கிரம் புளிக்கும். ஆகவேதான் பாலை விடுவதற்கு முன் பருப்பில் பாதியை எடுத்து, ஆறவிட்டு, அவித்த இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் அதைக் கொதிக்கவைத்துப் புதிதாய்ப் பிழிந்த பாலை விடுகிறேன். என் மாமியாருக்கே வித்தியாசம் தெரிவதில்லை. அவருக்குத் தெரியாத வித்தியாசம் யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. என் திட்டம் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதப்பட்டுக் குசினிக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. அது என் தலைக்குள் இருந்த காலத்தில் நான் வீட்டில் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. இப்போது பாடசாலையால் வந்த மகன் தாளைப் பார்த்துத் தேங்காய் திருவி வைக்கிறான், கணவர் அரிசி கழுவுகிறார். கைப்பக்குவத்தைக் கதவில் ஒட்ட முடியாது, நடுவர் அவர்களே.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவியிடம் ஒரேயொரு கேள்வி: நாளைக் காலை உங்கள் வீட்டில் பிட்டு என்று சற்று முன் தேநீர் வேளையில் சொன்னீர்கள், அந்த மாவை எப்போது வறுத்து வைத்தீர்கள்?