வலிக்காத மாதிரி இருக்கும் பிள்ளைகள்

(பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஒரு பள்ளி மனநல ஆலோசகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பதினைந்து வயதுப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவனை அம்மாதான் கூட்டி வந்தார். "இவனுக்கு எதுவுமே உறைக்க மாட்டேங்குது மேடம். திட்டினாலும் அப்படியே நிக்கிறான், நான் அழுதாலும் அப்படியே நிக்கிறான். கல்லு மாதிரி ஆயிட்டான்" என்றார். பையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "நீ ஃபோன்ல பாக்குறதை எனக்கும் கொஞ்சம் காட்டேன்" என்றேன். காட்டினான். ஒரு சாலை விபத்து, ரத்தம் தெரிகிறது. கட்டைவிரலால் ஒரு தள்ளு. இரண்டு பேர் ஆடுகிறார்கள். ஒரு தள்ளு. இடிந்த கட்டடத்துக்கு அடியிலிருந்து ஒரு குழந்தையை வெளியே எடுக்கிறார்கள், முகமெல்லாம் தூசி, கண் மட்டும் திறந்திருக்கிறது. ஒரு தள்ளு. பூனைக்குட்டி. ஒரு தள்ளு. யாரோ யாரையோ போட்டு அடிக்கிறார்கள், சுற்றி நிற்பவர்கள் படம் பிடிக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் அந்தக் குழந்தையிடமே நின்றுவிட்டேன். "அந்தக் குழந்தையைப் பாத்தப்போ உனக்கு என்னப்பா தோணுச்சு?" என்று கேட்டேன்.

"எந்தக் குழந்தை மிஸ்?" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளை நாம் "திமிர்", "அலட்சியம்", "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஈரமே இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இதற்குத் தமிழில் சரியான சொல் ஒன்று இருக்கிறது: மரத்துப்போதல். காலை மடக்கிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது. கிள்ளினால் தெரியாது. அதற்காகக் கால் செத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. நரம்பு அழுந்திக் கிடக்கிறது, சேதி மேலே போகவில்லை, அவ்வளவுதான். காலை நீட்டினால் என்ன ஆகும்? உடனே சுகமாகிவிடாது. ஊசி ஊசியாகக் குத்தும். நடக்க முடியாது, யாரையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். உணர்ச்சி திரும்பி வரும்போது முதலில் வலியாகத்தான் வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மறுபடி இதற்கு வருகிறேன்.

மனம் மரத்துப்போவதைப் பற்றி ஆழமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன். 1962இல் ஹிரோஷிமாவுக்குப் போய், அணுகுண்டுக்குத் தப்பியவர்களோடு உட்கார்ந்து பேசினார். சுற்றிலும் நடந்ததையெல்லாம் அவர்கள் கண் பார்த்தது. ஆனால் சில நொடிகளிலேயே உள்ளே ஒரு கதவு சாத்திக்கொண்டுவிட்டது. அந்தக் கதவு சாத்தியிருக்காவிட்டால் அவர்களால் அன்றைய பொழுதைத் தாண்டியிருக்க முடியாது. ஆக, மரத்துப்போவது மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. நம் பிள்ளைகள் பேரழிவின் நடுவில் நிற்கவில்லை, போர்வைக்குள் படுத்துக்கொண்டு பார்க்கிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான கேள்விதான். 2013இல் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அதற்கடுத்த வாரத்தில் நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளையே பார்த்துக்கொண்டிருந்தவர்களையும், குண்டு வெடித்த இடத்தில் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். கடுமையான மன அழுத்தத்தின் அறிகுறிகள் திரையில் பார்த்தவர்களிடம்தான் கூடுதலாக இருந்தன. திரும்பத் திரும்பப் பார்க்கிறவருக்கு அந்தச் சம்பவம் முடிவதே இல்லை.

எண்ணிக்கையும் ஒரு காரணம். உளவியலாளர் பால் ஸ்லோவிக்கும் அவருடைய சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே ஒரு சிறுமியின் படத்தையும் பெயரையும் காட்டி உதவி கேட்டார்கள், மக்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். அதே சிறுமியோடு, பசியில் வாடும் லட்சக்கணக்கானவர்களின் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது கொடுத்த தொகை குறைந்தது. மனித மனம் ஒருவருக்காக உருகும், லட்சம் பேருக்கு முன்னால் கை விரித்துவிடும். நம் பையன் ஒவ்வொரு இரவும் அந்த லட்சம் பேருக்கு முன்னால் நிற்கிறான். அவனால் யாருக்கும் எதுவும் செய்ய முடியாது. தள்ளிவிட மட்டும் முடியும்.

அந்தத் தள்ளுதலுக்கு ஒரு வரலாறு உண்டு. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் இருந்தது. தொலைக்காட்சிச் செய்திக்கு வணக்கம் சொல்லி முடிக்கும் நேரம் இருந்தது. முடிவே இல்லாமல் கீழே போய்க்கொண்டே இருக்கும் திரையை 2006இல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். ஒரு பக்கம் முடிகிற இடத்தில்தான் மனது மூச்சு வாங்கும், "போதும்" என்று சொல்லும். அந்த இடத்தையே எடுத்துவிட்டோம்.

இங்கே நான் நேர்மையாக ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லாப் பழியையும் ஃபோன் மேல் போடுவதற்காக நான் இந்த மேடைக்கு வரவில்லை. 2019இல் ஆமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான இளையோரின் தரவுகளை அலசி, அவர்களின் மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டின் பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்றார்கள். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 2023இல் வெளியிட்ட அறிவுரையோ, நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகள் வரும் அபாயம் இருமடங்கு என்றது. இரண்டையும் படித்துவிட்டு நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். சராசரி என்பது எந்தப் பிள்ளையின் முகமும் அல்ல. நூறு பேர் ஆற்றில் இறங்கினால் சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று கணக்குச் சொல்லலாம். பள்ளத்தில் காலை வைத்தவனுக்கு அந்தக் கணக்கு உதவாது. பிரிட்டனில் 2017இல் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது பற்றிய உள்ளடக்கத்தை அவள் தேடாமலேயே தளங்கள் அவளுக்குக் கொண்டுவந்து கொட்டியிருந்தன. அந்த உள்ளடக்கமும் அவள் சாவுக்கு ஒரு காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அவள் சராசரியில் எங்கே இருக்கிறாள்?

பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று 2024இல் ஆஸ்திரேலியா சட்டம் இயற்றியது. இத்தகைய சட்டங்கள் வரட்டும், நிறுவனங்கள் பொறுப்பேற்கட்டும், அதற்காக நாம் குரல் கொடுக்கவும் வேண்டும். ஆனால் இன்று இரவு உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு என்ன செய்வது?

பிள்ளைகளிடம் "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டால் எனக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, "ஒரு மாதிரியா இருக்கு." இன்னொன்று, "டிப்ரஷன்ல இருக்கேன்." முதலாவது ஒன்றுமே சொல்லாத சொல். இரண்டாவது மருத்துவர் சொல்ல வேண்டிய சொல். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மொழியே இருக்கிறது. அதை நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மனித உணர்வுகளை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கிறது என்று சொல்கிறது. அழுகை எதனால் வருகிறது? இளிவு, இழவு, அசைவு, வறுமை. யாரோ இழிவுபடுத்தியதால் வரும் அழுகை. எதையோ இழந்ததால் வரும் அழுகை. இருந்த நிலை தளர்ந்ததால் வரும் அழுகை. இல்லாமையால் வரும் அழுகை. நான்கும் கண்ணீர்தான், ஆனால் நான்கும் ஒன்றல்ல. அவமானப்பட்ட பிள்ளையிடம் போய், இழப்புக்குச் சொல்லும் ஆறுதலைச் சொன்னால் அது எடுபடாது.

என் அறையில் இதை நான் அப்படியே பயன்படுத்துகிறேன். "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லும் பிள்ளையிடம், "யாராவது உன்னைக் கேவலப்படுத்தினாங்களா? ஏதாவது கைவிட்டுப் போச்சா? முன்ன மாதிரி இல்லையேன்னு இருக்கா? எல்லாருக்கும் இருக்கு, எனக்கு மட்டும் இல்லைன்னு இருக்கா?" என்று கேட்பேன். பெரும்பாலும் மூன்றாவது கேள்வி முடிவதற்குள் முகம் மாறிவிடும். உணர்வுக்குப் பெயர் வைப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு: 2007இல் மாத்யூ லீபர்மன் என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழு, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. முகங்களில் தெரியும் உணர்ச்சிக்குப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது, பயத்தோடும் பதற்றத்தோடும் தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் வேகம் தணிந்தது.

கேட்கும் விதமும் முக்கியம். "ஏன் இப்படி இருக்கே?" என்பது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். "இன்னைக்கு என்ன பாத்தே?" என்று கேளுங்கள். அவன் காட்டினால் பாருங்கள். பார்த்து முகம் சுளித்து, "இதையா பாக்குறே?" என்று ஃபோனைப் பிடுங்கினீர்களானால் அடுத்த முறை காட்ட மாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு இதைப் பாத்தா வயித்தைப் பிசையுது" என்று உங்கள் உணர்வை உரக்கச் சொல்லுங்கள். உணர்வதற்கு அனுமதி உண்டு என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியவர்கள் நாமும் அதே வேகத்தில் தள்ளிக்கொண்டுதானே போகிறோம்? சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு விபத்துக் காணொளியை உறவினர் குழுவுக்கு அனுப்புகிறோம். அதைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள்.

இன்னும் கடினமான ஒன்றையும் பேசிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கான முன்னணிக் காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடத்தில் இருக்கிறது. பிள்ளையிடம் அதைப் பற்றிக் கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்ததாகிவிடுமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல், நிதானமான குரலில், "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். "ஆமாம்" என்று வந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

ஊடகம் எழுதும் விதம் உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு வியன்னா ஓர் எடுத்துக்காட்டு. 1980களில் அந்நகரின் சுரங்க ரயிலில் நடந்த தற்கொலைகளைப் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 1987இல் எப்படி எழுத வேண்டும் என்ற வழிகாட்டுதல் வந்தது, பத்திரிகைகள் அதை ஏற்றன. அதன்பிறகு எண்ணிக்கை செங்குத்தாகச் சரிந்தது. இன்னொரு செய்தியும் வியன்னாவிலிருந்துதான் வந்தது. நெருக்கடியில் இருந்த ஒருவர் அதைக் கடந்து வந்த கதையைச் சொல்லும் செய்திகளுக்குப் பிறகு தற்கொலைகள் குறைந்ததாக 2010இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பத்திரிகை இருக்கிறது. அந்த வழிகாட்டுதல் நமக்கும்தான்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வரி. வளரிளம் பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். வீட்டில் எல்லாருடைய ஃபோனும், உங்களுடையதும் சேர்த்து, இரவில் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை எதிலும் நாட்டமில்லாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டு, ஒதுங்கியே இருந்தால் அதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அந்தப் பையனிடம் திரும்பி வருகிறேன். ஆறு வாரம் எதுவும் நடக்கவில்லை. வருவான், காட்டுவான், நானும் பார்ப்பேன். எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: ஏதாவது ஒரு காணொளியில் நிறுத்தி, அதில் இருக்கும் ஒரு மனிதரைப் பற்றி மட்டும் ஐந்து நிமிடம் பேசுவது. அவருக்கு இப்போது என்ன ஆகியிருக்கும், வீட்டில் யார் காத்திருப்பார்கள் என்று. ஏழாவது வாரம் அவன் ஃபோனை எடுக்கவில்லை. மேஜையில் கவிழ்த்து வைத்தான். அவன் கை லேசாக நடுங்கியது.

"மிஸ், எங்க கிளாஸ்ல ஒருத்தன் கீழ விழுந்ததை வீடியோ எடுத்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதை மத்த குரூப்புக்கெல்லாம் அனுப்பினது நான்தான். அவன் இப்ப மதியம் தனியா உக்காந்து சாப்பிடுறான்."

சொல்லிவிட்டு அழுதான். அவன் அம்மா சொன்ன கல் அழுதது. ஊசி ஊசியாகக் குத்தும் என்று சொன்னேனே, அது இதுதான். இந்த நேரத்தில் "பரவாயில்லை, விடு" என்று சொல்வது பெரிய தவறு என்பது என் அனுபவம். வலி வந்திருக்கிறது, அதைத் துடைத்துவிடக் கூடாது, தாங்கிக்கொள்ளக் கூடவே இருக்க வேண்டும். "இப்ப என்ன செய்யணும்னு தோணுது?" என்று மட்டும் கேட்டேன். அவனிடம் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றான். ஒரு தாளைக் கொடுத்தேன். அரைப் பக்கம் எழுதினான், ஒவ்வொரு வரியாக அடித்தான். கடைசியில் மிஞ்சியது, "அதை அனுப்பினது நான். தப்புப் பண்ணிட்டேன்."

அடுத்த வாரம் வந்தான். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "அவன் ஒண்ணுமே சொல்லல மிஸ். கொஞ்சம் நகர்ந்து உக்காந்து எனக்கு இடம் விட்டான்."