இரண்டு மழைக்குக் காத்திருக்கும் வயல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் மழை பொய்ப்பதைப் பற்றிப் பேசும்போது, எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்ற கணக்கோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். வெள்ளப் படுகையில் பயிர் செய்பவருக்கோ, அது எங்கே பெய்தது, எப்போது வந்து சேர்ந்தது என்பவையே பெரிய கேள்விகள். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ கழிமுகத்தை எடுத்துக்கொள்வோம். கழிமுகம் என்று சொல்கிறோமே தவிர, இந்த ஆறு கடலைக் காண்பதே இல்லை; கலகாரி மணலில் விரிந்து, வெயிலுக்கும் நாணலுக்கும் தன் நீரைக் கொடுத்துவிட்டு முடிந்துபோகிறது.

அங்கோலாவின் மேட்டுநிலங்களில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்யும் மழை இந்த ஆற்றில் வெள்ளமாக இறங்கி, ஏப்ரல் வாக்கில் போட்ஸ்வானாவின் மொஹெம்போ என்னும் எல்லையூரில் உச்சத்தை எட்டுகிறது. நிலம் ஏறக்குறைய தட்டையாகக் கிடப்பதால், அந்த நீர் கழிமுகத்தின் கீழ்முனையிலுள்ள மவுன் நகரை அடைய மேலும் மூன்று நான்கு மாதங்கள் பிடிக்கின்றன. ஆகவே, துளி மழையும் இல்லாத ஜூலை, ஆகஸ்ட் மாதக் குளிர்காலத்தில்தான் அங்கே வெள்ளம்.

வெள்ளம் ஏறி வடியும் தாழ்நிலத்தை அம்மக்கள் மொலாப்போ என்கிறார்கள். செப்டம்பருக்குப் பின் நீர் பின்வாங்கப் பின்வாங்க, அதன் பின்னாலேயே உழுது மக்காச்சோளம் விதைக்கிறார்கள். மேல்மண் வெடித்துக் கிடந்தாலும், சற்றே தோண்டினால் கரிய மண் கையில் ஒட்டும். அந்த ஈரம் முளையை வளர்த்து, நவம்பர் வாக்கில் தொடங்கும் உள்ளூர் மழையிடம் ஒப்படைக்க வேண்டும்.

இந்தக் கைமாற்றம்தான் அடிக்கடி பிசகுகிறது. வெள்ளம் தாமதமாக வடிந்தால் விதைப்பு தள்ளிப்போகிறது. வெள்ளமே எட்டாவிட்டால் மணற்பாங்கான மேட்டு வயலில் வானத்தை நம்பி விதைக்க நேர்கிறது. என் பார்வையில், ஒரே போக்கில் தொடரும் ஆண்டுகள் இவற்றைவிடக் கொடியவை. வறட்சி நீடிக்கும்போது வயல்கள் ஈரத்தைத் தேடி ஆற்றுப்படுகையின் அடிவரை இறங்கிவிடுகின்றன. 2009 முதல் 2011 வரை வந்ததைப் போன்ற பெருவெள்ளங்கள் திரும்பும்போது முதலில் மூழ்குபவையும் அவையே. 2019இலோ, மவுன் வழியே ஓடும் தமலகானே ஆறே வறண்டு கிடந்தது.

மழையைப் போலன்றி இந்த வெள்ளம் முன்னறிவிப்போடு வருகிறது என்பது உண்மைதான். மொஹெம்போவின் நீர்மட்டத்தைப் பார்த்தே சில மாதங்களுக்கு முன் அதன் அளவைக் கணிக்கலாம். ஆனால் அது எந்தக் கால்வாயில் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை, சென்ற ஆண்டு வெள்ளம் நிலத்தடியில் விட்டுச்சென்ற நீரும், உள்ளூர் மழையும், வழியை அடைத்து வளர்ந்திருக்கும் பாப்பிரஸ் கோரையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.