வெளிநாட்டில் தற்காலிக வேலை: அமெரிக்க ஸ்பவுஸ் விசா இன்டர்வியூ எங்கே?

வணக்கம். இன்றைக்கு ஒரு குடும்பத்தின் நிலைமையை வைத்தே பேசலாம். மனைவி வேளச்சேரிப் பெண், ஐடி வேலை. கணவர் அமெரிக்கக் குடிமகன். கல்யாணம் முடிந்ததும் அவர் மனைவிக்காக ஐ-130 மனு, அதாவது குடும்பத்தினரை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்வதற்கான மனு, போட்டுவிட்டார். மனு இன்னும் யுஎஸ்சிஐஎஸ் என்கிற அமெரிக்கக் குடியேற்ற அலுவலகத்தில் இருக்கிறது. அதற்குள் மனைவியின் கம்பெனி அவரை ஒன்றரை வருட வேலைக்கு சிங்கப்பூர் அனுப்புகிறது. இன்டர்வியூ எங்கே நடக்கும்? அதற்காகச் சென்னை திரும்ப வேண்டுமா?

[திரையில்: அண்ணா மேம்பாலம், பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம்]

முதலில் ஜெமினி, அதாவது சென்னையில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம். டூரிஸ்ட் விசா, ஸ்டூடன்ட் விசா, எச்-1பி, அதில் போகிறவரின் மனைவிக்கு எச்-4 என்று எல்லாவற்றுக்கும் நம் ஊரில் வரிசையில் நிற்பது அங்கேதான். அதனால் ஸ்பவுஸ் விசாவும் அங்கேதான் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நாம் பேசுவது சிஆர்1, ஐஆர்1 என்கிற குடியேற்ற விசா. இந்தியாவில் இதற்கான இன்டர்வியூ மும்பையில், பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் துணைத் தூதரகத்தில் நடக்கிறது. ஆக, இந்தப் பெண் சென்னையிலேயே இருந்திருந்தாலும் விமானம் ஏறித்தான் ஆக வேண்டும்.

[திரையில்: மும்பை, சிங்கப்பூர் இரண்டும் புள்ளியிட்ட வரைபடம்]

சரி, விதி என்ன சொல்கிறது? 2025 நவம்பர் 1 முதல், குடியேற்ற விசாவுக்கு விண்ணப்பிப்பவர் எந்த நாட்டில் வசிக்கிறாரோ அந்த நாட்டுக்குரிய தூதரகத்தில்தான் என்விசி என்கிற அமெரிக்க தேசிய விசா மையம் தேதி ஒதுக்கும். கேட்டுக்கொண்டால் அவர் குடியுரிமை பெற்ற நாட்டிலும் ஒதுக்கும். மருத்துவ அவசரம், மனிதாபிமானக் காரணம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அவ்வளவுதான். ஆகவே இவருக்கு இரண்டு வழி இருக்கிறது: சிங்கப்பூர், இல்லையென்றால் மும்பை. எங்கே தேதி சீக்கிரம் கிடைக்கிறதென்று பார்த்து மூன்றாவது நாடு ஒன்றுக்கு டூரிஸ்டாகப் போய் உட்காருவது நடக்காது. வசிக்கிறேன் என்று சொன்னால் அதற்கு ஆதாரம் கேட்பார்கள். வேலை பாஸ், வாடகை ஒப்பந்தம் போன்றவை கையில் இருக்கட்டும்.

துபாயில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கேயும் நம் சென்னைக் கதைதான். துபாயில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறது, ஆனால் குடியேற்ற விசா இன்டர்வியூ அபுதாபியில்.

இரண்டில் எது? இங்கேதான் பெரும்பாலானோர் இன்று எங்கே இருக்கிறோம் என்று பார்த்து முடிவெடுக்கிறார்கள். இன்டர்வியூ வரும் மாதத்தில் எங்கே இருப்போம் என்று பாருங்கள். மனு முதலில் யுஎஸ்சிஐஎஸ் அலுவலகத்தில் ஒப்புதல் பெற வேண்டும். பிறகு என்விசியில் கட்டணம் கட்ட வேண்டும், டிஎஸ்-260 என்கிற விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்ப வேண்டும், ஆவணங்களை ஏற்ற வேண்டும். எல்லாம் சரியென்று அவர்கள் சொன்ன பிறகுதான் தேதிக்கான காத்திருப்பே தொடங்கும். ஒன்றரை வருட சிங்கப்பூர் வேலை அதற்குள் முடிந்துவிடலாம்.

இன்டர்வியூ முடிந்த அன்றே விஷயம் முடிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஏதாவது ஒரு காகிதம் குறைந்தாலோ, கூடுதல் சரிபார்ப்பு தேவைப்பட்டாலோ, 221(ஜி) என்று ஒரு தாள் கொடுத்து நிறுத்தி வைப்பார்கள். அந்த நேரத்தில் வேலையும் முடிந்தால்? சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானதும் பொதுவாக 30 நாள் வரை தங்கும் குறுகிய கால பாஸ்தான் கிடைக்கும். விசா ஒரு நாட்டில், ஆள் இன்னொரு நாட்டில் என்று ஆகிவிடும். வேலை முடிய ஆறேழு மாதம்தான் பாக்கி என்றால் நான் மும்பையைத்தான் சொல்வேன். இரண்டு மூன்று வருடம் உறுதியாக அங்கே இருப்பீர்கள் என்றால் சிங்கப்பூரே வசதி. லீவு போட்டு அலைய வேண்டாம்.

[திரையில்: பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுக்கும் கை]

அடுத்தது காகிதங்கள். என்விசிக்கு ஸ்கேன் போதும். இன்டர்வியூவுக்கு அசல் வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய திருமணப் பதிவுச் சான்றிதழ், மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வேளச்சேரி வீட்டில் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் இருக்கும். சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போதே அந்தக் கவரைக் கையோடு எடுத்துப் போங்கள். எடுக்கும்போது பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர், அதாவது உங்கள் பெயர், இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சான்றிதழ்கள் பலவற்றில் அந்த இடம் காலியாக இருக்கும். பெயர் சேர்க்கும் வேலையைச் சென்னையில் இருக்கும்போதே முடிப்பது நல்லது.

போலீஸ் சான்றிதழ் எங்கே இன்டர்வியூ என்றாலும் தப்பாது. 16 வயதோ அதற்கு மேலோ ஆனவர், இப்போது வசிக்கும் நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றிதழ் வேண்டும். முன்பு வசித்த வேறு நாட்டில் ஒரு வருடம் இருந்திருந்தாலும் வேண்டும். இந்தியச் சான்றிதழைப் பாஸ்போர்ட் அலுவலகம் தருகிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் வாங்கலாம். மும்பையைத் தேர்ந்தெடுத்தாலும், சிங்கப்பூர் போலீஸ் சான்றிதழை அங்கே இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

மெடிக்கல் மட்டும் இன்டர்வியூ நடக்கும் இடத்தைப் பொறுத்தது. அந்தத் தூதரகம் அங்கீகரித்த டாக்டரிடம்தான் போக வேண்டும். சிங்கப்பூரில் ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுத்து, அந்த ரிப்போர்ட்டோடு மும்பைக்கு வர முடியாது. தடுப்பூசி அட்டையை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், அது எங்கேயும் உதவும். இன்னொன்று, விசா பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும், அதுவும் மெடிக்கல் தேதியை ஒட்டியது. ரொம்ப முன்னதாகப் பரிசோதனை செய்துகொண்டால், அமெரிக்கா போய் இறங்குவதற்கான நாட்கள்தான் குறையும்.

இடத்தை எப்படிச் சொல்வது? ஐ-130 படிவத்திலேயே, எந்த நகரத் தூதரகத்தில் விசாவுக்கு விண்ணப்பிப்பீர்கள் என்று கேட்கிறார்கள். அதில் மும்பை என்று எழுதிவிட்டு பிறகு சிங்கப்பூர் போனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. என்விசியின் விசாரணைப் படிவத்தில் கேஸ் எண்ணைப் போட்டு, புதிய முகவரியும் வேலை பாஸ் விவரமும் தந்து, மாற்றக் கேளுங்கள். தேதி கொடுத்த பிறகு மாற்ற நினைத்தாலும் தூதரகத்துக்கு எழுதாமல் என்விசிக்கே எழுத வேண்டும். தேதி கைக்கு வந்த பிறகு மாற்றம் என்றால் மறுபடி காத்திருப்பு என்பதால், முன்பே கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

கணவரும் மனைவியோடு சிங்கப்பூருக்கே வந்துவிட்டார் என்றால் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. ஐ-864 என்கிற பொருளாதார உறுதிமொழியில் கையெழுத்துப் போடுபவரின் நிரந்தர வசிப்பிடம் அமெரிக்காவாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பது தற்காலிகம்தான், மனைவியோடோ அதற்கு முன்போ திரும்பிவிடுவேன் என்று அவர் காட்ட வேண்டும். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் வங்கிக் கணக்கு, தவறாமல் தாக்கல் செய்த வருமான வரி, வேலைக்கான கடிதம், வீடு பார்த்ததற்கான ஒப்பந்தம், இவற்றில் இருப்பதையெல்லாம் ஐ-864 உடன் சேர்த்தே ஏற்றிவிடுங்கள்.